தலைவர் வரும்போது நானும் எழுந்து நின்றேன்

மகனே,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கிழமையில் இரண்டு தரமாவது உன் படம் என் தொலைபேசிக்கு வருகிறது. இந்த நோர்வேயில் நீ தலைவராக இருக்கிற தமிழ் மன்றத்தின் தொலைபேசிக் குழுவில் போடுகிறார்கள். நேற்று வந்த படத்தில் பொன்னாடையோடு நின்று ஒரு பிள்ளைக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தாய். கொஞ்சம் மெலிந்திருக்கிறாய். அதைப் பற்றி உனக்கு இரண்டு வரி எழுதலாம் என்று பார்த்தால், எழுத இடமில்லை. அந்தக் குழுவில் இப்போது நீயும் உன் செயலாளரும் மட்டும்தான் எழுதலாம். மற்றவர்கள் வாசிக்கலாம். பெற்றவளுக்கும் அதே சட்டம்தான். தொலைபேசியில் எடுத்தால் மூன்று கிழமையாக நீ எடுப்பதில்லை. ஆகவே தாளில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் புருசெத் நூலகத்தில் கொடுத்து நாற்பது படி எடுப்பேன். தமிழ்க்கடையில் கறிவேப்பிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்சம் வைப்பேன், பூசை முடிந்து வருகிறவர்கள் கையில் கொஞ்சம் கொடுப்பேன். தாய் மகனுக்கு எழுதியதை ஊர் ஏன் வாசிக்க வேண்டும் என்று கேட்பாய். ஊரை நீ உன் வீடாக்கிவிட்டாய் மகனே. அதனால் வீட்டுக் கதையும் ஊர்க் கதையாகிவிட்டது.

நான் ஐந்தாம் வகுப்பு மட்டும்தான் படித்தவள். எழுத்துப் பிழை இருக்கும். ஞாபகப் பிழை இராது. வருகிற ஞாயிறு மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நீ இரண்டு திருத்தம் கொண்டுவரப் போகிறாய். தலைவர் தாமாக விலகும் வரை தேர்தல் இல்லை என்பது ஒன்று. எந்த உறுப்பினரையும் கூட்டத்தைக் கேட்காமல் தலைவரே நீக்கலாம் என்பது மற்றது. இரண்டையும் நீ மீளப் பெற வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். மிச்சமெல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்காக.

போன மாதம் உன் மகள் பள்ளிக்கூடம் முடிந்து என்னிடம் வந்திருந்தாள். புட்டும் மீன்குழம்பும் வைத்துக் கொடுத்தேன். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறுகையால் கொப்பியைப் பிரட்டினாள். "அப்பம்மா, உங்களுக்கு ஒரு திக்தாத்தூரைத் தெரியுமோ? வயசு போன ஆக்களிட்டைக் கேட்டு எழுதச் சொன்னவ ரீச்சர்" என்றாள். சர்வாதிகாரியைத்தான் கேட்கிறாள். "நான் எங்கை பிள்ளை அவங்களைக் கண்டனான்? குழம்பை விடு, கொப்பியிலை ஊத்தப் போகுது" என்றேன். அவள் விடவில்லை. தான் எழுதி வைத்திருந்ததைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தாள். முதலில் ஓர் ஆபத்து வரும், அல்லது வந்தது என்று சொல்வார்கள். ஆபத்து முடியும் வரைக்கும் என்று சொல்லி அதிகாரத்தைக் கேட்டு வாங்குவார்கள், பறிக்க மாட்டார்கள். பிறகு ஓர் எதிரி, அதுவும் உள்ளுக்குள்ளேயே இருக்கிற எதிரி. பிறகு பத்திரிகைகளைத் தங்கள் கைக்குள் எடுப்பார்கள். பிறகு ஒரே மாதிரிச் சட்டை போட்ட இளம் பிள்ளைகள். "எல்லா நாட்டிலையும் ஒரே மாதிரித்தான் அப்பம்மா, சமையல் ஒப்ஸ்கிரிப்ற் மாதிரி" என்று சிரித்தாள், சமையல் குறிப்பைத்தான் அப்படிச் சொல்கிறாள். அடுத்த வரியை வாசித்தாள்: எதிரி என்று சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளோடு மற்றப் பிள்ளைகளைச் சேர விடமாட்டார்கள். அதை வாசித்தவள் நிறுத்திவிட்டாள். தமிழ்ப் பாடசாலை அருளப்பு மாஸ்ரரின் பேத்தி உன் மகளோடு நாலு வருடம் ஒன்றாக நடனம் பழகியவள். இப்போது அந்தப் பிள்ளை வருவதில்லை. உன் மகள் கொப்பியை மூடினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஆக்கள் ஏன் அப்பம்மா ஒண்டும் சொல்லேல்லை?"

"பயம்" என்றேன்.

"துவக்குக்கோ?"

துப்பாக்கிக்கோ என்று கேட்கிறாள். கோப்பையை எடுத்துக் கழுவப் போய்விட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாத பதிலைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன்.

உன்னைக் கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. நீ தலைவராக வந்த முதல் வருடம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வயது போனவர்களுக்கு அரசாங்கக் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்த வெள்ளிக்கிழமைகளில் மேசை போட்டு இருந்தாய். பனியில் விழுந்து இடுப்பு உடைந்த கிழவியை உன் காரில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனாய். "உங்கடை மகன் எங்களுக்கு ஒரு பிள்ளை அக்கா" என்று சனம் என்னிடம் சொன்னது. நான் நாலு முழம் உயர்ந்து நடந்தேன். நல்லவனிடம் கொடுக்கிறோம் என்று நினைத்துத்தான் சனம் எல்லாவற்றையும் கொடுக்கிறது. கெட்டவனிடம் யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்?

ஆனால் முதலாவது கதவைத் திறந்துவிட்டது நான். அதை உன் மேல் போட மாட்டேன். உன்னைத் தெரிவு செய்த அந்த முதல் தேர்தலில் பெட்டி வைத்தார்கள், துண்டுச் சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டில் பெயர்களை நோர்வே எழுத்தில் அடித்திருந்தார்கள். இளம் பிள்ளைகள் செய்த வேலை, தமிழ் அடிக்கத் தெரியாது. எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. மேசையில் இருந்த பெட்டை மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில், "அம்மம்மா, நான் வாசிச்சுக் காட்டட்டோ?" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். யார் சிரித்தது என்று இன்றைக்கும் சொல்லுவேன், என்ன நிறச் சேலை கட்டியிருந்தார்கள் என்றும் சொல்லுவேன். "எனக்குத் தெரியும், விடு பிள்ளை" என்று சொல்லிவிட்டு, கண்ணுக்குப் பட்ட பெயருக்கு நேரே புள்ளடி போட்டேன். நீ ஆறு வாக்கால் வென்றாய். பிறகு எங்கள் கட்டடத்துப் பிலோமினாவிடம் கேட்டுப் பார்த்தால், மேலே இருந்த பெயர் உன்னுடையது, நான் போட்டது கீழே. பெற்ற மகனுக்கு எதிராகப் புள்ளடி போட்டுவிட்டு வந்தேன் என்ற வெட்கம் ஒரு வருடம் என்னைத் தின்றது.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நான்தான் எழுந்து சொன்னேன், பெட்டி வேண்டாம், கையைத் தூக்குவோம் என்று. அருளப்பு மாஸ்ரர் அப்போது செயலாளர். தமிழ்ப் பாடசாலையில் இருபது வருடம் படிப்பித்த மனிசன். "அக்கா, பெட்டி இருக்கட்டும். கை தூக்கினால் ஆர் ஆருக்குத் தூக்கினது எண்டு எல்லாருக்கும் தெரியவரும்" என்றார். நான் விட்டேனா? "தெரிஞ்சால் என்ன மாஸ்ரர்? நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம்தானே. ஒளிச்சுப் போட நாங்கள் என்ன கள்ளரோ?" என்றேன். மண்டபம் சிரித்தது, கை தட்டியது. மாஸ்ரர் இருந்துவிட்டார். சீட்டைத் தமிழில் அடியுங்கள் என்று நான் கேட்டிருந்தால் போதும். எனக்கு வாசிக்கத் தெரியாது என்று நாலு பேருக்கு முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அதற்காக எல்லாருடைய பெட்டியையும் தூக்கி எறிய வைத்தேன். எங்கள் சனத்தைப் பற்றி யோசித்துப் பார். இவளின் மகளை அவனின் மகன் கட்டியிருக்கிறான், இவருக்கு அவர் ஞானத்தகப்பன், அவளின் வீடு வாங்க இவன் பிணை நின்றவன். இவ்வளவு பேருக்கு முன்னால் யார் கையைத் தூக்குவார்கள், யார் தூக்காமல் இருப்பார்கள்? அன்றிலிருந்து மன்றத்தில் ஒருதரும் எதிர்த்து வாக்களித்ததில்லை. ஒவ்வொரு கூட்டக் குறிப்பிலும் ஏகமனதாக, ஏகமனதாக என்றே எழுதியிருக்கும்.

இன்னும் பின்னால் போனால் வெட்கக் கதை ஒன்று இருக்கிறது. நாங்கள் புருசெத்துக்கு வந்த புதிது, உனக்குப் பதினொரு வயது. பந்தடிக் குழுவுக்கு உன்னைத் தலைவனாகப் போடவில்லை என்று அழுதுகொண்டு வந்தாய். பழக்குகிறவர் ஒரு நெட்டை நோர்வேக்காரர். அவரோடு கதைக்க எனக்குப் பாஷை இல்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மீன் றோல்ஸ் பொரித்துச் சுடச்சுடக் கொண்டுபோய் நீட்டினேன். மனிசனுக்கு முதல் நாள் உறைப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது, இரண்டாம் நாள் மூன்று தின்றார், ஆறாம் சனிக்கிழமை உன் கையில் தலைவனுக்கு உரிய பட்டியைக் கட்டினார். அதுவரை அந்தப் பட்டியைக் கட்டியிருந்தவன் வியட்நாம்காரப் பெடியன். நல்ல விளையாட்டுக்காரன். அவன் தாயும் அங்கேதான் நின்றாள், வெறும் கையோடு. உன் அப்பா இதை அறிந்து, "நீ அவனுக்குத் தோக்கப் பழக்கேல்லை, பார், ஒருநாள் இதுக்கு அழுவாய்" என்றார். அவரோடு மூன்று நாள் நான் கதைக்கவில்லை. அவர் செத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. இப்போது கதைக்கலாம் என்றால் ஆளில்லை.

பெட்டி போன அடுத்த மாரியில் மண்டபப் பிரச்சினை வந்தது. நகரசபை மண்டபத்தைத் திருப்பிக் கேட்கிறது என்றாய். சனம் கலங்கிப் போனது. பாடசாலை எங்கே நடக்கும், பொங்கல் எங்கே, ஒளிவிழா எங்கே. நீ மேடையில் நின்று, "ஆறு பேர் கூடிக் கதைச்சு முடிவெடுக்கிறதுக்குள்ளை மண்டபம் போயிடும். ஒரு வருசம், ஒரே ஒரு வருசம் முடிவை என்னட்டை விடுங்கோ" என்றாய். எல்லாக் கையும் மேலே போனது. நீ ஓடித் திரிந்து மண்டபத்தைக் காப்பாற்றினாய், அதில் பொய் இல்லை. வருடம் முடிந்தது. ஆண்டுக் கூட்டத்தில் மாஸ்ரர் எழும்பினார். கையில் தாள்கூட இல்லை. "தம்பி, ஒரு வருசம் எண்டுதானே கேட்டனீர். வருசம் முடிஞ்சுது. இனி நிர்வாகசபை கூடலாம்தானே?" இவ்வளவுதான் அவர் கேட்டது. நீ சிரித்துக்கொண்டு, "மாஸ்ரர், ஆபத்து முடிஞ்சுது எண்டு ஆர் சொன்னது? எங்களுக்குள்ளையே ஆக்கள் இருக்கினம்" என்றாய். இரண்டு கிழமைக்குள் ஒரு கதை வந்தது: மண்டபத்தைப் பறிக்கச் சொல்லி நகரசபைக்குக் கடிதம் போட்டது மாஸ்ரர்தான். அந்தக் கடிதத்தை ஒருதரும் கண்ணால் காணவில்லை. நானும் காணவில்லை. காணாமலே நாலு வீட்டுக்குப் போன் எடுத்து நான் சொன்னேன். மூன்றாவது வீட்டில் சொல்லும்போது கடிதம் இரண்டு பக்கம் என்றேன். அது என் வாயிலிருந்து வந்த பொய். அதற்கு நான் இன்னும் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குழுவில் மாஸ்ரருக்காக ஒருத்தி இரண்டு வரி எழுதினாள், மறுநாள் குழுவைப் பூட்டினாய். வாசலில் கறுப்புச் சட்டை போட்ட பெடியள் நின்றார்கள், தொண்டர்களாம். யார் எந்தக் கதிரையில் இருப்பது என்று அவர்கள் காட்டினார்கள். கேள்வி கேட்கிற சனத்துக்குக் குசினி வாசலில், குளிர் காற்றடிக்கிற இடம். கை தட்டுகிற சனத்துக்கு முன்னுக்கு. அவர்களுடைய பிள்ளைகளுக்கு மேடையில் முதல் நடனம். எனக்கு முன்வரிசை நடுக்கதிரை. நான் இருந்தேன் மகனே, வடிவாகச் சேலை கட்டிக்கொண்டு போய் இருந்தேன். அந்த வருடப் பொங்கல் விழாவில் மேளம் அடித்து, "எமது தலைவர் வருகிறார், அனைவரும் எழுந்து நிற்கவும்" என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள். எனக்கு முழங்கால் வருத்தம் என்று உனக்குத் தெரியும். பூசையில் நற்செய்தி வாசிக்கும்போதுகூட இருந்துகொள்ளச் சுவாமியார் எனக்கு அனுமதி தந்திருக்கிறார். ஆண்டவருடைய வார்த்தைக்கு இருக்கிறவள் உனக்கு எழுந்து நின்றேன். நீ என்னைக் கடந்து போகும்போது தலையை ஆட்டினாய். தாயைப் பார்த்து ஆட்டியது போல இல்லை. எழும்பினவளைப் பார்த்து ஆட்டியது போல இருந்தது.

இனி பிலோமினாவின் கதை. மாஸ்ரரின் மனைவி. எங்கள் கட்டடத்தில் நான் நாலாம் மாடி, அவர்கள் இரண்டாம் மாடி. வைத்தியரிடம் என்னோடு வந்து பாஷை சொல்லித் தந்தவள் அவள். ஐசில் வழுக்காமல் இருக்கச் சப்பாத்துக்குக் கீழே மாட்டுகிற முள்ளை எனக்கு முதன்முதல் வாங்கித் தந்தவளும் அவள். மாஸ்ரருக்குத் துரோகிப் பட்டம் வந்த பிறகு லிஃப்டில் காணும்போது நான் தொலைபேசியைப் பார்ப்பது போல நிற்பேன். அவள், "அக்கா, முழங்கால் எப்பிடி?" என்று கேட்பாள். நான் "ம்" என்பேன். போன பெப்ரவரியில் அவள் செத்துப் போனாள். இங்கே அடக்கத்துக்கு ஒன்பது பத்து நாள் செல்லும். அந்த இடைவெளியில் உன் செய்தி குழுவில் வந்தது: மன்றத்துக்கு எதிராகச் செயற்பட்டவர்களின் வீட்டு நிகழ்வுகளில் உறுப்பினர்கள் கலந்துகொள்வது பொருத்தமல்ல. செத்த வீட்டை நிகழ்வு என்று எழுதியிருந்தாய்.

எங்கள் சனத்தின் வழக்கம் உனக்குத் தெரியாததா? கல்யாணத்துக்கு அழைப்பு வேண்டும். செத்த வீட்டுக்கு அழைப்பில்லை. கோடு, வழக்கு, வெட்டுக்குத்து இருந்தாலும் செத்த வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அயல்தான் சமைத்துக் கொடுக்கும். நான் விடிய எழும்பிச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் பெரிய சட்டியில் வைத்தேன். கறுப்புக் கரைச் சேலையை எடுத்து மடிப்பு விரித்தேன். அந்த நேரம் நீ போன் எடுத்தாய். "அம்மா, நீங்கள் அங்கை போனால் எனக்கு முகமில்லை. தலைவரின்ரை தாயே போட்டா எண்டு சொல்லுவினம்." நான், "தம்பி, செத்த வீடடா" என்றேன். "தெரியும் அம்மா. அதாலைதான் சொல்லுறன். செத்த வீட்டுக்கே போகாட்டில்தான் ஆக்களுக்கு விளங்கும்" என்றாய்.

ஏன் என்று கேட்காமல் நான் போனை வைத்தேன். சேலையை மடித்தேன். யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மாஸ்ரர் வெளியே வந்து படியில் நின்றார். அவருடைய மகள் காரைக் கொண்டுவரப் போயிருந்தாள். பனி பெய்தது. எங்கள் கட்டடத்தில் மட்டும் ஒன்பது தமிழ்க் குடும்பம். ஒருதரும் இறங்கி வரவில்லை. கோயிலில் பதினாலு பேர், அதில் ஆறு பேர் நோர்வேக்காரர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்தச் சோற்றை நான் மூன்று நாள் சூடுகாட்டிச் சூடுகாட்டித் தின்றேன். கொட்ட மனம் வரவில்லை.

உன் மாமாவைப் பற்றி உனக்கு நான் அரைவாசிதான் சொல்லியிருக்கிறேன். என் தம்பி, மீன் சங்கத்தில் கணக்குப் பிள்ளை. துவக்கு வைத்திருந்தவர்கள் சங்கத்தை எடுத்தபோது, கூட்டம் வைக்காமல் எப்படி எடுப்பது என்று கேட்டான். சுவரில் அவன் பெயரை எழுதித் துரோகி என்று போட்டார்கள். ஒரு மத்தியானம் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். "அக்கா, ஒரு சின்ன விசாரணை, பின்னேரம் விட்டிடுவம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். பின்னேரம் வரவில்லை, பிறகும் வரவில்லை. சவம்கூட வரவில்லை. முப்பத்தோராம் நாள் பூசை கொடுத்தோம். கோயிலில் நானும் அம்மாவும் சுவாமியாரும் ஒரு குருட்டுக் கிழவனும். மூலை வளவுக் கிளாரா எங்கள் படலையைக் கடக்கும்போது குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போனாள். வெயிலோ மழையோ இல்லை. நாற்பது வருடமாக நான் கிளாராவை மன்னிக்கவில்லை. அவள் பேத்தியின் கல்யாணத்துக்குக் கூப்பிட்டும் போகவில்லை. துவக்கு வைத்திருந்தவன்களை விட கிளாரா மேல்தான் எனக்குக் கோபம் கூட. அந்த யன்னல் சீலைக்குப் பின்னால் நின்ற பிறகுதான் கிளாராவை எனக்கு விளங்கியது. அவளுக்குத் துவக்குப் பயம் இல்லை மகனே. தன் வீட்டுக்கும் ஒருதரும் வராமல் போய்விடுவார்கள் என்ற பயம். உன் மகள் கேட்டதற்குப் பதில் இதுதான். ஊரிலாவது வீட்டுக்கு வெளியே கடல் இருந்தது, ஆடு மாடு இருந்தது. இந்தக் குளிரில், இந்தக் கட்டடத்தில், எங்களுக்கு மன்றத்து நூறு தமிழ்க் குடும்பத்தை விட்டால் யார்? அந்தப் பயம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து நீ அதன் மேல் கதிரை போட்டு இருந்துவிட்டாய்.

மூன்று கிழமைக்கு முன் லோறென்ஸ்கூக்கில் உன் வீட்டுக் குசினியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன், பிறகு நான் வேறு விதமாகச் சொன்னேன் என்று வரக்கூடாது. மேசையில் திருத்தத் தாள் கிடந்தது, தமிழில். வாசித்தேன். "இதென்ன தம்பி, தலைவர் தாமாக விலகும் வரை?" என்றேன்.

"அது ஒரு வசனம் அம்மா. வருசாவருசம் தேர்தல் எண்டு ஆக்களை ஏன் கரைச்சல்படுத்துவான்?"

"ஆர் கரைச்சல் எண்டு சொன்னது?"

"வேண்டாம் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லையே."

"வாயைப் பூட்டிப்போட்டு வேண்டாம் எண்டு சொல்லேல்லை எண்டால்?"

"ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னாலைதானே கேக்கப் போறன். வேண்டாம் எண்டால் கையைத் தூக்கட்டும். நீங்கள் கொண்டுவந்த முறைதானே அம்மா."

உன் மனைவி தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, அதன் பிடியை என் பக்கம் திருப்பி வைத்தாள். அவளால் செய்யக்கூடியது அவ்வளவுதான். நீ குரலை உயர்த்தினாய். "நான் ஆரையும் சுட்டனானோ? மறியலிலை போட்டனானோ? ஒரு சின்ன மன்றம், அதை ஒழுங்கா நடத்திறன்."

"மாமாவைக் கூட்டிக்கொண்டு போனவங்களும் முதல்ல சின்னக் கூட்டம்தான் வைச்சவங்கள்."

"அந்தக் கதையை இஞ்சை கொண்டு வராதேங்கோ. இது நோர்வே."

ஓம், நோர்வேதான். ஆனால் எங்கள் கட்டடத்தில் இருக்கிற நோர்வேக் கிழவியின் தகப்பனும் வாத்தியார். ஜேர்மன்காரர் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், ஆட்சிக்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னதற்காக வடக்கே கொண்டுபோய் மண் சுமக்க விட்டார்களாம். அவள் எனக்கு இதைச் சொன்னபோது நாங்கள் இரண்டு பேரும் உடுப்புத் தோய்க்கிற அறையில் நின்றோம். எனக்கு விளங்கிய அரைகுறைப் பாஷையில் நான் கேட்டது ஒன்றுதான்: உங்கள் வீட்டுக்கு அயலவர்கள் வந்தார்களா? வந்தார்கள் என்றாள். இருட்டுப்பட்ட பிறகு, கிழங்கு கொண்டு வந்தார்களாம். எந்த நாடு என்பது முக்கியமில்லை மகனே. கிழங்கு கொண்டு வருகிறார்களா இல்லையா என்பதுதான்.

போன வியாழன் நான் திராமனுக்குப் போனேன். மாஸ்ரர் இப்போது மகளோடு அங்கேதான். ரயிலில் தனியப் போனேன். கதவைத் திறந்தவர் அதிசயப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தேத்தண்ணி போட்டுத் தந்தார், சீனி எவ்வளவு என்று கேட்டுப் போட்டார். நான் நாலு வீட்டுக்குப் போன் எடுத்ததையும், இரண்டு பக்கம் என்று சொன்னதையும், சமைத்து வைத்துவிட்டு வராமல் நின்றதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அண்டைக்கு நான் படியிலை நிண்டு மேலை பாத்தனான் அக்கா. நாலாம் மாடியிலை சீலை ஆடினது. நீங்கள் வருவியள் எண்டு கொஞ்ச நேரம் காரை நிப்பாட்டி வைச்சனாங்கள்" என்றார். மன்னிப்பைப் பற்றி அவர் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நாற்பது வருடம் ஒருத்தியை மன்னிக்காதவள் எந்த முகத்தோடு கேட்பது? திரும்பி வரும் ரயிலில் என் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. அங்கே இருக்க வேண்டிய பிலோமினாவை நினைத்துக்கொண்டு வந்தேன்.

இந்தக் கடிதம் வெளியே போன பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அந்த ஒப்ஸ்கிரிப்றில் என் கையும் இருந்ததுதானே. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் என்னைக் கோயிலுக்கு ஏற்றிப் போகிறவர்களுக்குத் திடீரென்று காரில் இடமிருக்காது. தமிழ்க்கடையில் நான் போனதும் கதை நிற்கும். என் தொலைபேசி அடிக்காது. அது இப்போதே அடிப்பது குறைவு. சில நாள் வானொலியைப் போட்டு விடுகிறேன், விளங்காத பாஷை என்றாலும் ஆள் குரல். நீயும் வரமாட்டாய். உன் மகளை அனுப்புவாயோ தெரியாது. அதை நினைக்கும்போது மட்டும் பேனை நிற்கிறது. நான் செத்தால், வருவது பொருத்தமல்ல என்று ஒரு செய்தி போடுவாயோ என்றும் ஒரு நாள் யோசித்தேன். யோசித்துவிட்டு என்னையே ஏசினேன். பிறகும் யோசித்தேன்.

உன்னைத் தலைவர் பதவியை விடச் சொல்லவில்லை. பெட்டியை வை. சீட்டைத் தமிழிலும் அடி, நோர்வே எழுத்திலும் அடி. சனம் மறைவில் போட்டு உன்னையே தெரிந்தெடுத்தால் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன். தோற்றால் வீட்டுக்கு வா. தோற்றவனுக்குச் சோறு போட எனக்குத் தெரியும் என்று உனக்குக் காட்டச் சந்தர்ப்பமே நான் வைக்கவில்லை. இப்போது வைக்கிறேன்.

திருத்தத்தை மீளப் பெறாமல் விட்டால், ஞாயிறு நான் வருவேன். பஸ் எடுத்து வருவேன். முன்வரிசை வேண்டாம், குசினி வாசலில் இருப்பேன். மேளம் அடிக்கும்போது எழும்ப மாட்டேன். ஆதரவானவர்கள் கையைத் தூக்குங்கள் என்பாய், எல்லாக் கையும் போகும், நீ எண்ணக்கூடத் தேவையில்லை. அதோடு முடிந்தது என்று தாளை மடிக்காதே. எதிரானவர்கள் என்றும் கேள். அதைக் கேட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது, உனக்கு அந்த வசனம் மறந்திருக்கும். கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து நில். எனக்குத் தோள்மூட்டிலும் வருத்தம் இருக்கிறது, கை மேலே வர நேரம் எடுக்கும். வந்ததும் எண்ணு. ஒன்று என்று சத்தமாகச் சொல்லு. குறிப்பு எழுதுகிறவர் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்ப்பார், எழுதுவதா விடுவதா என்று. எழுதச் சொல்லு மகனே.

அம்மா